கழற்றக் கூடாத காப்பு

அம்மா போய்ச் சேர்ந்த வாரமே காப்பு அக்கா வேலைக்கு வந்து நின்றதைப் பார்த்து வெள்ளிக் கடையே வாயைப் பிளந்தது. பிளந்தால் பிளக்கட்டும். காப்பு விற்கும் கவுண்டரிலேயே காலம் தள்ளியதால் அவளுக்கு அந்தப் பெயர். வீட்டில் உட்கார்ந்து அழலாம் என்றால் அழுகை வரவில்லை. பசியும் இல்லை. சோறு என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். இங்கேயாவது கைக்கு வேலை இருக்குமே என்று கிளம்பி வந்துவிட்டாள்.

அம்மாவின் காப்பு அவள் கைப்பையில் இருந்தது. அவளே வாங்கிக் கொடுத்ததுதான். அவள் புருஷனை விட்டுத் தனியாக வந்தபோது, "இனி அவ பேச்சை இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது" என்று அண்ணன் குதித்தான். அண்ணன் குரலை உயர்த்தினால் அம்மா மூச்சு விடமாட்டாள். அதனால் அவள் அண்ணி மூலமாகத்தான் ரகசியமாகக் கொடுத்தனுப்பினாள். கூடவே ஒரு சேதியும் சொன்னாள்: "போட்டா போட்டபடி கிடக்கட்டும் அண்ணி. அடிக்கடி கழட்ட வேணாம்னு சொல்லுங்க."

வருஷங்கள் ஓடியும் அம்மாவிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சாவு வீட்டில் அண்ணிதான் காப்பைத் திருப்பிக் கொடுத்தாள், பளபளவென்று.

"பெட்டிக்கு அடியில கறுத்துப் போய்க் கிடந்துச்சு. நான்தான் பொடி போட்டுத் தேய்ச்சேன்."

"அம்மா போட்டாங்களா அண்ணி?"

அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. இந்த மாதிரி நேரத்திலாவது கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கலாம்.

"நான் பாத்ததில்லம்மா. நாங்க ரெண்டு பேரும் காலையில வேலைக்குப் போனா பொழுது சாஞ்சுதானே வர்றோம். எப்ப வந்தாலும் அத்தை வெறுங்கையோடதான் இருப்பாங்க."

தினமும் கையில் கிடந்த காப்பா, சும்மா கிடந்த காப்பா என்று உள்பக்கத்தைப் பார்த்தே அவள் சொல்லிவிடுவாள். ஆனால் அண்ணி தேய்த்த தேய்ப்பில் பழைய தடம் எல்லாம் போய்விட்டது. அம்மாவும் தன்னைத் தலைமுழுகிவிட்டாளா, இல்லையா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். இனி யாரைப் போய்க் கேட்பது?

மதியம் ஒரு வேன் டிரைவர் வந்தார். மனைவிக்குக் காப்பு வேண்டும், அளவு தெரியாது என்று தன் உருண்டு திரண்ட கையை நீட்டினார்.

"இதுல பாதி இருக்கும்மா அவ கை. ஆனா அடி மட்டும் பலமா விழும்."

வேறொரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"முழு வளையம்னா அளவு சரியா தெரியணும் சார். சங்கிலி மாதிரி இருக்கறது துணியில மாட்டி இழுக்கும். ரெண்டு முனையும் சேராத இந்த வாய் விட்ட காப்பு எடுங்க. மணிக்கட்டுக்குப் பக்கவாட்டுல நுழைச்சா உக்காந்துக்கும்."

வாய் தன்பாட்டுக்குப் பேசியது. மனசு மரத்துப் போய்க் கிடந்தது.

"குளிக்கும்போதெல்லாம் கழட்டி வைப்பாளே, பரவாயில்லையா?"

"கழட்டிக் கழட்டி மாட்டக் கூடாது சார். ஒரே இடத்துல விரிஞ்சு விரிஞ்சு வெள்ளி இறுகிடும். அப்புறம் நடுவுல விரிசல் விடும். போடாமலே வச்சா எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கும். இதோ, இதப் பாருங்க."

அம்மாவின் காப்பும் அதே மாதிரி வாய் விட்டதுதான்; யார் வீட்டுப் பொருளையோ எடுப்பதுபோல அதைக் கைப்பையிலிருந்து எடுத்து வெல்வெட் தட்டில் வைத்தாள்.

டிரைவர் அதை விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் தடவிக்கொண்டே வந்த அவருடைய கட்டைவிரல் நகம் நடுவில் தட்டி நின்றது.

"போடாததுன்னு சொல்றீங்க. இங்க வெள்ளையா ஒரு கோடு ஓடுது பாருங்க. இது விரிசல்தானே?"

அவள் வாங்கிப் பார்த்தாள். லென்ஸ் வைத்தும் பார்த்தாள். மயிரிழை போல ஒரு விரிசல். அண்ணி தேய்த்த பொடி அதற்குள் போய் அடைத்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. ஒரு நாள் இரண்டு நாள் கழற்றி மாட்டினால் வருகிற விரிசல் இல்லை அது. வருஷக்கணக்கில் தினமும் கழற்றி மாட்டியிருக்க வேண்டும்.

காலையில் அண்ணனும் அண்ணியும் வெளியே போன பிறகு அம்மா மாட்டியிருக்கிறாள். அவர்கள் வருவதற்குள் கழற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாள். கடைசியில் எழுந்திருக்க முடியாமல் படுத்த பிறகுதான் அது கறுத்திருக்கிறது.

வாடிக்கையாளர் நாற்காலியில் ஊழியர்கள் உட்காரக் கூடாது என்பது கடைச் சட்டம். அவள் சுற்றி வந்து அதில் உட்கார்ந்துவிட்டாள். பாழாய்ப்போன அழுகை அப்போதுதான் வந்தது.

டிரைவர் பதறிப் போனார். "என்னம்மா, நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"இல்ல சார். கழட்டாதீங்கன்னு சொல்லி அனுப்பினேன், எங்கம்மா கேக்கவே இல்ல." காப்பை மணிக்கட்டில் பக்கவாட்டாக நுழைத்துக்கொண்டாள். "தினம் கழட்டியிருக்காங்க. கழட்டணும்னா முதல்ல மாட்டியிருக்கணும்ல?"