ஏழாம் நாள் சட்டை

ஒன்றரை வருடமாக மந்திரி அறை வாசலில் டவாலியாக நிற்கும் பசீல் தூர்னியே, இதுவரை நாலு மந்திரிகளின் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறான். ஒருவர் எல்லை தாண்டி ஓடிவிட்டார். இருவருக்கு வெட்டுமேடையில் தலை போனது. நாலாமவர் லகாஸ், தானியத்துறை. ஐந்து மாதமாக நாற்காலியில் இருக்கிறார். எப்படி என்று பாரிஸில் யாருக்கும் விளங்கவில்லை.

பசீலுக்கு விளங்காதது வேறு. புரட்சி அரசு ஞாயிற்றுக்கிழமையை ஒழித்து, வாரத்தைப் பத்து நாளாக்கியிருந்தது. பத்தாம் நாள்தான் ஓய்வு, அன்றைக்குத்தான் சலவைச் சட்டை. பழைய ஞாயிறன்று பளிச்சென்று திரிந்தவர்களைப் பாதிரிமாரின் ஆள் என்று பிடித்துப் போனார்கள். லகாஸோ ஏழு நாளைக்கு ஒருமுறை சலவைச் சட்டையில் வந்தார். ஏன்? கோட்டை மாட்டும்போதெல்லாம் பசீல் யோசிப்பான்.

ஒரு காலை கண்காணிப்புக் குழுவிலிருந்து வெரான் வந்தான்.

"மந்திரி மேல மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. லகாஸ் என்னிக்கெல்லாம் சட்டை மாத்துறான்?"

"அவன் சட்டையை நானா தொவைக்கிறேன்?"

"நக்கலா? பொய் சொன்னா அவன் ஏறுற வண்டியில நீயும் ஏறுவ."

பசீல் அப்போதுதான் வெரானின் கழுத்தைப் பார்த்தான். கஞ்சி போட்ட காலர். புதிதாக மழித்த தாடையில் சோப்பு நுரை காய்ந்திருந்தது.

"எனக்குப் பத்து நாள் கணக்கே பழகிடுச்சு, குடிமகனே. பழசு சுத்தமா மறந்துபோச்சு. அதுல இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு. இதுகூடவா..." வெரான் நிறுத்தினான். கை தானாகக் காலருக்குப் போனது.

"உனக்கு ஞாபகம் இருக்கே," என்றான் பசீல்.

வெரான் நோட்டில் 'குற்றமில்லை' என்று எழுதிக் காட்டிவிட்டுப் படியிறங்கினான்.

பசீல் உள்ளே போனான். மந்திரியையும் 'நீ' என்பதுதான் இப்போது மரியாதை.

"உன் சட்டையால ரெண்டு தலை போகப் பாத்துச்சு. ரகசியமா கோயிலுக்குப் போறியா?"

"கோயிலா? பன்னெண்டு வயசோட சரி. ஏழாம் நாள் கழுத்து அரிக்குதுப்பா. அவ்வளவுதான்."

"அரிச்சா சொறிஞ்சுக்க. பத்தாம் நாள் மாத்து."

லகாஸ் தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு அழுக்குக் காலரோடு வந்தார். பசீலுக்கு நிம்மதி. மறுநாள் திங்கள், சலவைச் சட்டை. சரியாக ஏழு நாள் கழித்து, அதற்கடுத்த திங்களும் சலவைச் சட்டை.

பசீல் கோட்டை வாங்கி மாட்டினான். அடுத்த மந்திரி எவ்வளவு உயரம் இருப்பார் என்று யோசித்தான்.