கத்தரிக்குத் தப்பாத மாடிப்படி

லூசியஸ் பெட்வே ஹாலிவுட்டில் ஏழு வருஷத்தில் பதினோரு படங்களில் காலால் தாளம் தட்டும் 'டேப்' டான்ஸ் ஆடினார். பதினொன்றிலும் ஒரே வேலைதான். கதவைத் திறந்துகொண்டு வரவேண்டும், அடியில் இரும்புத் தகடு வைத்த பூட்ஸால் மூன்று நிமிடம் தரையைப் பேசவைக்க வேண்டும், வந்த வழியே போய்விட வேண்டும். ஒரு படத்தில் ரயில்வே கூலி, இன்னொன்றில் பூட்ஸ் துடைப்பவர், மூன்றில் ஹோட்டல் வாசல்காரர். கதாநாயகனோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. கதாநாயகி இருக்கும் பக்கம் திரும்பவும் கூடாது. அமெரிக்காவின் தெற்கத்தி ஊர்களில் வெள்ளைக்காரத் தியேட்டர் முதலாளிகளுக்குக் கறுப்பரைத் திரையில் பார்த்தால் வயிறு எரியும். அவர்கள் சௌகரியமாக வெட்டி எறியட்டும் என்று, கதையோடு ஒட்டாமல் அந்த மூன்று நிமிடத்தைத் தனியாகவே எடுத்துவைப்பார்கள். குழம்புக்கு வாசனை வேண்டும், கறிவேப்பிலை மட்டும் இலை ஓரத்துக்குப் போகவேண்டும்.

கதாநாயகன் டெக்ஸ்டர் வேனுக்கு ஆடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். கதவைச் சாத்திக்கொண்டு ஆறு வாரம் நடந்த கூத்து அது. "உருளைக்கிழங்கு மூட்டையை மாடியிலேருந்து தள்ளிவிட்டா இதைவிடத் தாளமா விழும்" என்று லூசியஸ் நண்பர்களிடம் சொல்வார். பத்திரிகைகளோ, வேனுக்கு நடனம் பிறவியிலேயே வந்தது என்று எழுதின. வேன் அதைப் படித்துப் படித்து நம்பியும் விட்டான்.

1938-இல் பன்னிரண்டாவது படம். டைரக்டர் பிரெனெக்குக்கு லூசியஸைவிடப் பத்து வயது குறைவு, ஆனாலும் வா, போதான். கதையில் நாயகி கொடுத்த மோதிரத்தை நாயகன் தொலைத்துவிட்டுப் படம் முழுக்கத் தேடுகிறான். அது கடைசியில் எப்படிக் கிடைக்கும் என்று எழுதியவருக்கே தெரியவில்லை. படப்பிடிப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது பிரெனெக் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் லூசியஸ். "நான் மாடிப்படியில ஆடிக்கிட்டே இறங்கறேன். ஒரு படியில கால் எது மேலயோ படுது. சத்தம் வேற மாதிரி கேக்குது. குனிஞ்சு பாத்தா மோதிரம். ஹீரோ கையில குடுத்துட்டுப் போயிடறேன்."

பிரெனெக் எழுந்து நின்றார். "விசுவாசமுள்ள வேலைக்காரன். ஜனங்க உருகிடுவாங்க. ஆனா இது உன் யோசனைன்னு வெளியில சொல்லித் தொலைக்காதே."

"எனக்கெதுக்கு சார் அந்தப் பெருமை."

தெற்கே சவானா ஊரில் சலவைக்கடையில் வேலை பார்த்த அக்கா ஆர்டீலியாவுக்கு அன்றைக்கே கடிதம் போட்டார். 'நான் நடிச்ச ஒரு படத்துலகூட நீ என்னைப் பாத்ததில்லை. இந்தத் தடவை பாப்பே. என்னை வெட்டினா கதை நொண்டும்.'

படப்பிடிப்பு அன்றைக்குப் பத்தொன்பது படி. ஏழாவது படியில் ஒற்றைக் காலில் நின்று மறுகாலின் நுனியால் தட்டினார், கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்டதுபோல ஒரு ஒலி. விளக்குப் பிடிப்பவர்கள்கூட வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"அவன் ஆடறப்ப நான் என்ன பண்றது?" என்று வேன் கேட்டான்.

"கையை நீட்டுங்க, போதும்" என்றார் பிரெனெக்.

"அது அவருக்கு நல்லா வரும்" என்றார் லூசியஸ்.

படம் சவானாவுக்கு வந்தபோது லூசியஸ் ரயிலேறிப் போனார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி. அக்காவும் தம்பியும் தியேட்டரின் பக்கவாட்டுப் படியேறி, தங்கள் ஜனங்களுக்கென்று ஒதுக்கிய பால்கனியில் உட்கார்ந்தார்கள். ஆர்டீலியா புதுத் தொப்பி போட்டிருந்தாள். திரையில் வேன் மாடிப்படி அடியில் தலையில் கைவைத்து நின்றான். பிலிம் ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த கணம் மோதிரம் அவன் கையில் இருந்தது. நாயகி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

கீழே வெள்ளைக்காரர்களில் ஒருவரும் அசையவில்லை. ஒரு சீமாட்டி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மோதிரம் எங்கேருந்துடா வந்துச்சு?" என்று ஆர்டீலியா கேட்டாள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். "அவங்க கையில இருக்கறதெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு என்னிக்கும்மா சொல்லிருக்காங்க?"

பால்கனி முழுக்கச் சிரித்தது. கீழே இருந்தவர்கள் அண்ணாந்து முறைத்தார்கள். லூசியஸும் சிரித்தார், நெஞ்சு வலிக்கும் வரை. கதை நொண்டினால் கேள்வி வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். கீழே இருப்பவர்களுக்குக் கேள்வி கேட்கிற அளவுக்குப் புத்தி உண்டு என்று நம்பியதுதான் அவர் செய்த தப்பு.

திரும்பி வந்தால் பிரெனெக் ஒரே குஷியில் இருந்தார். "தெற்குல பிச்சுக்கிட்டு ஓடுது. அடுத்த படத்துல உனக்கு லிஃப்ட்காரன் வேஷம். கதவு திறக்குது, ஆடறே, கதவு மூடுது."

"ரொம்ப நல்லது சார். வெட்டறவனுக்கும் சிரமமில்லை, பெட்டியோட தூக்கிப் போட்டுடலாம்."

பிரெனெக் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். லூசியஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

சிகாகோவில் கறுப்பர் பேட்டையில் ஒரு நாடகக் கொட்டகை அவரைச் சேர்த்துக்கொண்டது. மேடை சிறியது, பியானோவில் இரண்டு கட்டை ஊமை. ஆனால் விளம்பரப் பலகையில் அவர் பெயர் முதலில் இருந்தது, ஆட்டம் நாற்பது நிமிடம். மறு வசந்தத்தில் ஆர்டீலியா வந்தாள். மூன்றாவது வரிசையில், நடு இருக்கையில் உட்கார்ந்து முழுசும் பார்த்தாள். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்த தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதையாடா அவனுங்க வெட்டினானுங்க?"

"ஆமாக்கா."

"மூதேவிங்க" என்றாள். பிறகு அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, பூட்ஸ் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள்.