இரண்டாந்தரம் புறப்பட்ட பஸ்

முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகும் பஸ் காலை ஆறு மணிக்கு வெளிக்கிட வேண்டும். ஆறேகாலுக்குத்தான் டிரைவர் றொமேஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டில் சுருண்டு கிடக்கும் சேதி வந்தது. ஐம்பத்திரண்டு பேரும் ஏறியாயிற்று, அரிசி மூட்டையும் சட்டி பானையும் ஏற்றியாயிற்று. ஓடத்தான் ஆளில்லை.

"நான் ஓடுறன்" என்றாள் யூலியானா.

யூலியானா கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் ஒன்பது வருஷம் வேலை செய்தவள். அதில் ஐந்து வருஷம் அவர்களுடைய லொறியைக் காட்டுப் பாதைகளில் ஓட்டித் திரிந்தவள். பஸ் ஓடும் லைசென்ஸும் கையில் இருந்தது. என்ன இருந்து என்ன, ஒருத்தரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளுடைய தகப்பன் அல்பேர்ட்டின் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அல்பேர்ட் நாற்பது வருஷம் தண்டையலாக இருந்தவர். வள்ளத்துக்குத் தலைவர் என்றால் தண்டையல்தான். வள்ளத்தைக் கடலில் இறக்கும்போது அவர் "மருதமடுத் தாயே!" என்று குரல் கொடுப்பார். மற்றவர்கள் "மரியே வாழ்க!" என்று சொல்லித் தள்ளுவார்கள். மடுப் பயணத்தில் அந்தக் குரல் பஸ் ஓடுகிறவருக்கு உரியது. போன வருஷம் வரை றொமேஸ்தான் கொடுத்தான்; அவனுக்குக்கூட அல்பேர்ட் பதில் சொல்வதில்லை.

"திருநாளுக்குப் போகாமல் இருக்கேலுமே? ஓடட்டும்" என்றார் அல்பேர்ட், அரை மனதோடு.

யூலியானா ஏறி இருந்தாள். எஞ்சின் உறுமியது. அவள் வாய் திறக்குமுன் முன்சீற்றிலிருந்த அல்பேர்ட் எழும்பி நின்று "மருதமடுத் தாயே!" என்றார். பஸ் முழுக்கப் பதில் சொன்னது. அவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. முப்பத்தாறு வயதில் அழவா முடியும்? கியரைப் போட்டாள்.

ஓடினாள் என்றால் அப்படி ஒரு ஓட்டம். மடியில் இருந்த சாப்பாட்டுப் பார்சல் சரியவில்லை, குழந்தைகள் முழிக்கவில்லை. பிழை பிடிக்கவென்றே கண்ணை அகலத் திறந்து வைத்திருந்த அவளுடைய மாமி, அல்பேர்ட்டின் தங்கை புனிதம்கூட, கொஞ்ச நேரத்தில் செபமாலையோடு தூங்கி விழுந்தாள். யூலியானாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட ஒரு சிங்களப் பொலிஸ்காரர் கையைக் காட்டினார். லைசென்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மலர்ந்து சிரித்தார். புதிதாகப் படித்த தமிழை மரியாதையோடு எடுத்துவிட்டார்.

"எங்க போறீங்க?"

அவ்வளவுதான். பஸ்ஸுக்குள் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

"ஐயோ மாதாவே, கேட்டுப்போட்டான்!" என்று புனிதம் துள்ளி எழும்பினாள்.

அந்தக் கரையில், வெளிக்கிட்டுப் போகிறவரை எங்கே என்று கேட்டால் பயணம் கெட்டது. "தூரமோ?" என்றுதான் கேட்க வேண்டும். வாய் தவறி யாராவது கேட்டுவிட்டால் வள்ளத்தைக்கூடத் திருப்பிக் கரையில் ஏற்றிவிடுவார்கள். பாவம், பொலிஸ்காரருக்கு இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கப்போகிறது?

"திருப்பு பிள்ளை. நாளைக்குப் போவம்" என்றாள் புனிதம்.

"பொம்பிளை ஓட வெளிக்கிட்டா உப்பிடித்தான்" என்றது பின்சீற்றிலிருந்து ஒரு ஆண்குரல்.

யூலியானாவுக்குக் காது சுட்டது. இப்போது திரும்பினால் இனி இந்த ஊரில் ஒருத்தரும் அவளை ஸ்டியறிங்குக்குக் கிட்ட விடப்போவதில்லை. திரும்பாமல் போனால், மடுவில் ஒருவருக்குத் தலையிடி வந்தாலும் பழி அவளுக்குத்தான். அவள் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, வள்ளத்தைத் திருப்பிக் கரையில ஏத்தினாப் பிறகு என்ன செய்வியள்?"

"பிறகென்ன, இறக்குவம்."

"எவ்வளவு நேரத்தால?"

அல்பேர்ட் தாடையைச் சொறிந்தார். "அதுக்கு நேரமொண்டும் இல்லை. எல்லாற்றை காலும் மண்ணில பட்டாச் சரி."

"அப்ப எல்லாரும் இறங்குங்கோ. கால் மண்ணில படட்டும்."

ஐம்பத்திரண்டு பேரும் இறங்கினார்கள். புனிதம் செருப்பைக் கழற்றிவிட்டு, கைக்குழந்தைகளின் பாதத்தையும் பிடித்து மண்ணில் தொடவைத்தாள். யூலியானா பஸ்ஸைப் பத்து யார் தூரம் பின்னுக்கு எடுத்து நிறுத்திவிட்டு, தானும் வெறுங்காலோடு இறங்கி நின்றாள். பொலிஸ்காரர் வாயைப் பிளந்தபடி பார்த்தார். நல்ல காலம், ஒன்றும் கேட்கவில்லை.

"இனி ஏறுங்கோ. இது புதுப் பயணம்" என்றாள்.

எல்லாரும் ஏறி இருந்தார்கள். புனிதம் தமையனைத் தட்டினாள். "அண்ணை, குரலைக் குடுங்கோவன்."

அல்பேர்ட் எழும்பினார். ஸ்டியறிங்கைப் பிடித்திருந்த மகளின் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பவும் இருந்தார்.

"நான் ஏறி வந்த ஆள். தண்டையல் முன்னுக்கு இருக்கிறா. அவா சொல்லட்டும்."

அவா! பிறந்த நாள் முதல் அவளை 'அவள்' என்பதைத் தவிர மரியாதையாக வேறொன்றும் சொல்லியறியாத வாய் அது. யூலியானாவுக்குக் கண் நிறைந்து வீதி மங்கியது. துடைத்துக்கொண்டாள்.

"மருதமடுத் தாயே!" என்று குரல் கொடுத்தாள்.

"மரியே வாழ்க!" என்று முதலில் சொன்னவர் அல்பேர்ட். தள்ளுகிறவர்கள் சொல்லும் அந்தப் பதிலை நாற்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் சொன்னார்.