பால்டிமோரில் பால் என்ன விலை?

காசிமாயன் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஊரே வாயைப் பிளந்தது. நான் பிளக்கவில்லை. மாட்டுத் தரகு பார்க்கிறவன் மாட்டின் வாயைத்தான் பிளந்து பார்க்க வேண்டும். இத்தனை வருஷமாக மாட்டுத் தாவணிச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறேன். கடை சேர்ந்த கிழட்டு மாட்டை நாலு பல் இளமாடு என்று சொல்லி என் தலையில் கட்டப் பார்த்த மகராசன்களை எல்லாம் பார்த்தாகிவிட்டது. சொந்த அக்கா மகன் என்பதற்காக ஒருவனை அப்படியே நம்பிவிட முடியுமா?

எங்கள் கீழக்குயில்குடியை விட்டு அவன் ஓடியபோது இருபது வயது. பன்னிரண்டு வருஷம் ஒரு கடுதாசி கிடையாது. என் அக்கா அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். இந்தத் தை மாதம் திடீரென்று கால்சட்டையும் தோல் பெட்டியும் கையில் கெடிகாரமுமாக வந்து நிற்கிறான். வந்த வாரமே என் மகளைக் கேட்டு ஆள் சொல்லி அனுப்பினான்: “அன்னக்கொடிக்கு நான்தான முறைமாப்பிள்ளை? எனக்கே கட்டிக் குடுங்க.”

முறை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அத்தை மகன் கேட்டு, காரணம் சொல்லாமல் பெண்ணை மறுத்துவிட்டு எங்கள் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஆனால் ஊரில் இன்னொரு பேச்சும் இருந்தது. அமெரிக்காவாவது மண்ணாங்கட்டியாவது, அவன் ரங்கூன் ஜெயிலில் கிடந்தான் என்றார்கள். எனக்கு இருப்பது ஒரே பெண். ஜெயிலில் இருந்து வந்தவனுக்கு அவளைக் கொடுத்தால் மறுநாளே போலீஸ்காரன் வந்து என் வீட்டுத் தானியக் குலுக்கைக்குள் கையை விடுவான். வெள்ளைக்காரன் சர்க்கார் திருட்டு ஊர் என்று ஊர் முழுக்கக் கைரேகை எடுத்து வைத்திருக்கிறது; எங்கள் ஊர்ப் பேரைக் கேட்டாலே போலீஸ்காரனுக்குக் கை அரிக்கும். அவள் வாழ்க்கை சீரழிந்து போகும்.

என் வீட்டுக்காரி ரெங்கம்மாளுக்குக் கெடிகாரத்தைப் பார்த்ததுமே மனசு சாய்ந்துவிட்டது. முதல் நாள் அவன் வீட்டுக்கு வந்தபோது கறந்த பாலைக் காய்ச்சிக் கருப்பட்டி போட்டு நீட்டினாள்.

“அய்யோ, பாலா? சின்னப் பிள்ளையிலருந்தே எனக்கு ஆகாதுல்ல அத்தை. ஒரு வாய் குடிச்சாலும் வயித்தப் பெரட்டிரும். மறந்துட்டீகளா?”

“ஆமால்ல! அங்க போயுமா மாறல?”

“அங்கயும் ஒரு சொட்டுத் தொட்டதில்ல அத்தை.”

அவனுக்குச் சுக்குத் தண்ணீர் வந்தது. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அன்னக்கொடி கொஞ்சம் தள்ளிச் சுவரோரமாகச் சுளகில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தக் கல்யாணத்தில் என்ன நினைப்பு என்று நான் கேட்கவில்லை. முதலில் ஆள் யார் என்று தெரியட்டும் என்றிருந்தேன்.

அமெரிக்காவைப் பற்றி நான் என்னத்தைக் கேட்பது? கட்டடம் உயரமா என்றால் உயரம் என்பான். அதை ரங்கூனில் இருந்தே சொல்லலாம். ஆனால் விலைவாசி அப்படியில்லை. கைக்காசைக் கொடுத்து வாங்கியவனுக்குத்தான் விலை தடங்கல் இல்லாமல் வாயில் வரும். பொய் சொல்கிறவன் இன்றைக்குச் சொன்ன விலையை நாளைக்குச் சொல்ல மாட்டான்.

“எந்தெந்த ஊருல இருந்த, மாப்ள?”

“மூணு ஊரு மாமா. கப்பல்ல கரி அள்ளிப் போட்டுக்கிட்டே போயி, நியூயார்க்குல எறங்கி ஓடிட்டேன். அங்க ஓட்டல்ல தட்டுக் கழுவினேன். பெறகு டெட்ராய்ட்டு, காரு செய்யிற பட்டறை. கடைசியா பால்டிமோரு, இரும்பு உருக்குற எடம். அங்கதான் ரொம்ப நாளு.”

“நியூயார்க்குல ஒரு ஆளுக்கு வாரத்துக்கு எம்புட்டு ஆகும்?”

“எட்டு, ஒம்பது டாலர் ஆகும். ஒரு ரூம்ல நாலு பேரு கெடப்போம். ஓட்டல்ல ஒரு சாப்பாடு முப்பது செண்டு. சட்டை வெளுக்கப் பத்து. ரயிலுக்கு அஞ்சு செண்டு குடுத்தா ஊரு பூரா சுத்தலாம். முடி வெட்டத்தான் நாப்பது.”

“நம்ம காசுக்கு?”

“ஒரு ரூவாய்க்கு மேல போயிரும் மாமா.”

“அடேங்கப்பா! அந்தக் காசுக்குத் தலையவே வெட்டிப் போட்டுரலாம் போலயே!”

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. “டெட்ராய்ட்டுல?”

“அங்கயும் ஓட்டல் சோறுதான். இருபத்தஞ்சு செண்டு. ஆனா குளிரு எலும்புக்குள்ள போயிரும், கோட்டுக்கே பதினெட்டு டாலர் அழுதேன். செருப்பு மூணு டாலர், ரெண்டு வருசம் ஒழைக்கும்.”

“பால்டிமோரு?”

அந்தப் பேரைக் கேட்டதும் அவன் முகம் இளகியது. “அதான் மாமா சல்லிசான ஊரு. ஒரு வீடே மாசம் பன்னெண்டு டாலருக்குக் கெடைக்கும். கோதுமை மாவு, உருளைக்கெழங்கு, அடுப்புக்கரி எல்லாமே வெலை கம்மி. பாலு ஒரு பாட்டில் பதினோரு செண்டு. விடியக்காலம் வாசல்லயே வச்சிட்டுப் போயிருவான். செருப்பு ஒரு டாலருதான், என்ன, வருசத்துக்கு மூணு சோடி வாங்கணும்.”

“மட்டமான செருப்பாக்கும்.”

“அப்படித்தான்னு வச்சுக்கங்களேன்.”

“வாரச் செலவு?”

“பதினாலு டாலர் ஆயிரும்.”

மாட்டினான்டா என்று நிமிர்ந்தேன். “ஏன்டா, சல்லிசுங்குற, செலவு மட்டும் கூடுதலாச் சொல்றியே?”

கொஞ்சம் முழித்தான். “இரும்பு உருக்குற வேலைல்ல மாமா. மாடு மாதிரி திங்கணும்.”

உழைக்கிற மாட்டுக்குத் தீனி கூடத்தான் வேண்டும். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அன்னக்கொடியின் சுளகு மட்டும் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் நின்றது. கண்ணில் தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

அதோடு விட்டேனா? தாவணிக்கு என்னோடு அழைத்துப் போனேன். கூட்டத்தில் மாடுகளுக்கு நடுவே சட்டென்று திரும்பி, “நியூயார்க்குல முடி வெட்ட இருபத்தஞ்சுன்னு சொன்னீல்ல?” என்றேன். “நாப்பது மாமா” என்றான். திரும்பி வருகிற வழியில் பழங்காநத்தத்தில் ஒரு கடையில் நின்று, “டெட்ராய்ட்டுல சாப்பாடு முப்பதுதான?” என்றேன். “அது நியூயார்க்கு. டெட்ராய்ட்டு இருபத்தஞ்சு” என்றான். மூன்று ஊரையும் கலைத்துப் போட்டுக் கேட்டாலும் அதனதன் விலையை அதனதன் ஊரில் கொண்டுபோய் வைத்தான். ஒருவேளை ஜெயிலில் எவனிடமாவது கேட்டு உருப்போட்டிருப்பானோ என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் சேக்காளி அழகுமலை மதுரையில் ஓர் அமெரிக்க டாக்டரம்மா வீட்டில் சமையல் பார்க்கிறான். அவனிடம் போனேன். இந்த விலை எல்லாம் நிஜமா என்று அந்தம்மாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். கேட்டுவிட்டு வந்து அழகுமலை சிரித்தான்.

“எல்லாம் கனகச்சிதமாம்ப்பா. ரயிலுக்கு அஞ்சு செண்டு, பாலு பதினோரு செண்டு, அம்புட்டும் சரிங்குது. ‘யாரு அது, எங்க ஊருக்காரரா?’ன்னு என்னையவே கேக்குது அந்தம்மா. ஒன் சந்தேகத்த ஒடப்புல போடு நல்லகாமா. பிள்ளையக் கட்டிக் குடு.”

அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. வீட்டுக்கு வந்து ரெங்கம்மாளிடம், “அவன் அமெரிக்காவுலதான் இருந்திருக்கான்” என்றேன். “நான் அன்னைக்கே சொன்னேன்ல” என்று அவள் நொடித்தாள். அன்னக்கொடி பக்கம் திரும்பினேன். “சம்மதமா, ஆத்தா?” என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். “பரிசம் போட வரட்டும்யா” என்றாள்.

பரிசம் போடுகிற அன்று பங்காளிகள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். காசிமாயன் வெற்றிலை, தேங்காய், பட்டுச்சேலை எல்லாம் வைத்த தட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்தான். அதை நான் கையில் வாங்கிவிட்டால் பெண் அவனுக்கு என்று அர்த்தம். கையை நீட்டினேன்.

“அய்யா, பொறுங்க. மச்சான்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

அன்னக்கொடி வாசற்படியில் வந்து நின்றாள். ரெங்கம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “ஆத்தீ! சபையில வந்து என்னடி கேள்வி?”

“கேக்கட்டும் அத்தை” என்றான் அவன், சிரித்துக்கொண்டே. இவளும் அப்பனைப் போல விலைதான் கேட்கப்போகிறாள் என்று நினைத்திருப்பான்.

“நியூயார்க்குல ஓட்டல்ல சாப்பிட்டீக. டெட்ராய்ட்டுலயும் ஓட்டல்தான். பால்டிமோர்ல மட்டும் மாவு வெலை, கெழங்கு வெலை, அடுப்புக்கரி வெலையெல்லாம் சொல்றீக. அங்க யாரு பொங்கிப் போட்டா?”

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. “நானேதான்...”

“சரி, நீங்களே பொங்கினீக. பாலு ஒங்களுக்கு ஆகாது. அங்கயும் ஒரு சொட்டுத் தொட்டதில்லன்னு ஆத்தாகிட்டச் சொன்னீக. வாசல்ல வச்ச பாட்டில் பால யாரு குடிச்சா?”

பங்காளிகளில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“டெட்ராய்ட்டுல ரெண்டு வருசம் ஒழைச்ச செருப்பு, அங்க வருசத்துக்கு மூணு சோடி. அய்யா செருப்பு மட்டம்னாரு. செருப்புத் தேயல மச்சான். காலு வளந்திருக்கு.”

வீட்டு வாடகை, கூடுதல் செலவு, ஒரு டாலர் செருப்பு எல்லாம் என் காதில்தான் விழுந்தன. நான்தான் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு சின்னப் பிள்ளை அந்த விலைக்குள்ளே ஓடி விளையாடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

“பையன்” என்றான் காசிமாயன், தரையைப் பார்த்து. “நாலு வயசு.”

“அவன் ஆத்தாக்காரி?”

“இருக்கா.”

“அடப் பாவி!” நான் துள்ளி எழுந்தேன். “கூடப் பொறந்தவ மகன்னு வாசப்படி ஏத்துனேனே! என் பிள்ளைய எளையாளாவா கேட்டு வந்த? எத்தனை வாட்டிடா ஒன்னைய உக்கார வச்சுக் கேட்டேன்! ஒரு வார்த்தை சொன்னியா?”

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். “நீங்க வெலையத்தான கேட்டீக மாமா.”

அவனை அடிக்கலாம் என்று ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் துண்டைப் பிடித்துக்கொண்டேன். பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ரெங்கம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

அன்னக்கொடி அழவில்லை. கோபமாகக்கூடப் பேசவில்லை. சந்தையில் விசாரிக்கிறவள் போலத்தான் கேட்டாள்.

“இப்ப அந்தப் பாலுக்கு யாரு காசு குடுக்குறா மச்சான்?”

நான் குனிந்து அந்தத் தட்டை எடுத்து, சேலையும் வெற்றிலையும் சிந்தாமல், திரும்ப அவன் கையிலேயே கொடுத்தேன்.