கடிபடாத ரொட்டி

பனியுருகிப் பெருகிய அக்பூரா ஆறு தன் வெண்ணுரையைக் கரைதோறும் எறிந்து ஆர்ப்பரித்தோட, இளவெயில் சுலைமான் மலையின் முடிகளை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பொன்பூசி இறங்க, ஓஷ் நகரத்து அங்காடித் தெருவின் மண்ணடுப்புகள் கண்விழித்தவர் கொட்டாவிபோல் முதற்புகையை விட்ட காலைப்பொழுதில், நெடுமரச் சந்தின் கோடியில் ஒரு நீலக்கதவு மட்டும் எவர் தள்ளியும் திறவாதிருந்தது. முந்தைய நாள் அதன் பூட்டைச் செப்பனிட்டவன் நான், படிப்பவரே. வேறு மருமம் ஏதுமில்லை.

வீடிழந்து வரும் குடும்பங்களுக்குக் கூரை தந்து, கைத்தொழிலும் வாய்ச்சொல்லும் பழக்கி, தம் காலில் நிற்கவைத்து வழியனுப்பும் இல்லம் அது. அதை நடத்தும் புருல்சா அக்காவின் குரல், மலைச்சரிவில் மந்தையைத் திருப்பும் குரல். உள்ளமோ, அம்மந்தையில் பிந்திய குட்டியைத் தோளில் சுமக்கும் உள்ளம். வாடகை வீட்டில் வாழக் கற்பிக்க அவர் கண்ட வழி தனித்தன்மையுடையது. ஒருவனைக் கொடிய வீட்டுக்காரனாக நடிக்கவிட்டு, பெண்களை அவனோடு வாதாடச் செய்வார். நரித்தோல் தொப்பியணிந்த அக்கொடியவன் நானே. பெண்கள் என்னை முற்றத்தைச் சுற்றி விரட்டுவார்கள். என் வீட்டில் எனக்குள்ள மதிப்பு இங்கும் குறைவின்றிக் கிடைத்தது.

ஒருத்தியை மட்டும் நான் எளிதில் வென்றேன். உருசியாவுக்குக் கூலிவேலைக்குப் போன கணவன் திரும்பாதொழிய, அவன் உடன்பிறந்தோர் வீட்டை விற்றுவிட, இரு பெண்மக்களைக் கைப்பிடித்து வந்தவள் முகத்தஸ். அவள் சுட்ட ரொட்டி நிலவுபோல் உப்பி எழும். தலை மட்டும் எழாது. கூரை ஒழுகும், வாடகை ஏறும், அடுப்பைத் தொடலாகாது என்று நான் அடுக்கிய கொடுமைகள் அனைத்திற்கும் அவள் விடை ஒன்றே: "சரிங்க."

பயணம் போகிறவர் ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவதும், எஞ்சியதை அவர் திரும்பும்வரை ஆணியில் தொங்கவிட்டுக் காப்பதும் எங்கள் வழக்கம். சென்ற ஆண்டு வாடகை அறைக்குக் குடிபெயர்ந்தபோது முகத்தஸும் அவ்வாறே கடித்துச் சென்றாள். முதற்பனி விழுந்த அன்று, தன் உறவினருக்கு அறை வேண்டுமென்றான் வீட்டுக்காரன். சரியென்று சொல்லி, மூட்டையும் மக்களுமாய் இல்லத்துக்கே திரும்பினாள். சமையலறை ஆணியில் கல்லாய் இறுகித் தொங்கிய அந்த ரொட்டியை நெடுநேரம் பார்த்து நின்றாள்.

குளிர்காலம் கழிந்தது. அங்காடிக்குப் பின்னே, முற்றத்தில் மண்ணடுப்போடு, ரொட்டி சுட்டு விற்கத் தோதாய், அவளுக்கு ஒரு வாடகை அறை அமைந்தது. இம்முறையும் திரும்பினால் மூத்தவளின் படிப்பு மீண்டும் முறியும். தாயின் நெஞ்சமோ மறுபடி நிமிராது. இதை அறியாதார் இல்லத்தில் இல்லை. ஆகவேதான், ஒருவழியாய் நீலக்கதவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்த அக்காலையில், அனைவரும் வாயிலில் கூடி நின்றோம். புருல்சா சூடான ரொட்டியை இரு கையாலும் ஏந்தி நீட்டினார்.

"வேணாங்க்கா," என்றாள் முகத்தஸ்.

எங்கள் மண்ணில் நீட்டிய ரொட்டியை மறுப்பது முகத்தில் அறைவதற்கு ஒப்பு.

"ரொட்டியையா வேணாங்கற?"

"போன தடவ கடிச்சேன். அது என்னைத் திரும்ப இழுத்துட்டு வந்துருச்சு. இந்தத் தடவ கடிக்க மாட்டேன்."

"அப்ப நாங்க உனக்கு யாருமில்லையாடி?"

"நீங்கதாங்க்கா எனக்கு எல்லாம். அதுக்காக மறுபடி இங்க வந்து படுக்க முடியாது."

சினத்தால் சிவந்த புருல்சாவின் முகம், வெயில்பட்ட பனிப்பாறைபோல் மெல்ல நெகிழ்ந்து நனைந்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா, பூட்டுக்காரா? குளிர்காலம் பூரா தொப்பியைப் போட்டுக்கிட்டு இவகிட்டருந்து உன்னால பிடுங்க முடியாத சொல்லு, 'வேணாம்'. ஒரு ரொட்டி பிடுங்கிருச்சு பாரு."

முகத்தஸ் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். "என் அடுப்பு சூடானதும் நீங்க வந்து என் ரொட்டியக் கடிங்கக்கா. அப்பத்தானே திரும்பத் திரும்ப வருவீங்க."

ஆணி அடித்துத் தர நான் வருகிறேனென்றேன்.

"வேணாம்ணே," என்றாள். இரண்டாவது மறுப்பு எத்துணை எளிதாய் வந்தது!

அவ்வாண்டின் முதற்பனியில் புது வீட்டுக்காரர் வந்து, அடுப்பைத் தன் மருமகனுக்கு விடச் சொன்னாராம். பேசியபடிதான் நடக்க வேண்டுமென்று அவள் குரலுயர்த்தாமல் சொல்ல, அவர் இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போனாராம். இன்றும் அவ்வறையின் சுவரில் புருல்சாவின் பல்தடம் பதிந்த ரொட்டியொன்று தொங்குகிறது. வழக்கம் பொய்க்காமல் அவரும் அடிக்கடி விருந்தாளியாய்ப் போய்வருகிறார்.

இல்லத்துச் சமையலறையில் பழைய ஆணி வெறுமையாய் நிற்கிறது. புதிதாய் வந்து தலைகவிழ்ந்து நிற்பவர்க்குப் புருல்சா முதலில் காட்டுவது அதைத்தான். மறுத்துரைக்கவும் வரவேற்கவும் தனக்கென ஒரு வாசல் பெற்றவள் திரும்பி வராத வெறுமை அது. அத்துணை நிறைவான வெறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.