உடல்நிலை காரணமாக

"எனக்கு என்ன வியாதி தம்பி?" என்று கேட்டாள் ஜெயலட்சுமி.

விதைக் கம்பெனியின் விற்பனை அதிகாரி தமிழழகன் விழித்தான். பெரம்பலூரில் இருந்த அந்த விதை, பூச்சிமருந்துக் கடைக்கு அவன் ஒரு கையெழுத்து வாங்கத்தான் வந்திருந்தான். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது அக்காவின் வழக்கம். குறி போட்டுக் கொடுப்பவன் அவள் கணவன் ராஜதுரை. இன்று அவன் செட்டிகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். தாள் நேராக அவள் கைக்கே வந்துவிட்டது. அவளும் படித்துவிட்டாள்.

'உடல்நிலை காரணமாக என்னால் பயணம் செய்ய இயலாது. எனக்குப் பதிலாக என் கணவரை அனுப்பி வைக்கவும்.'

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதாங்கக்கா. லைசென்ஸ் உங்க பேர்ல இருக்குல்ல? சார் டூர் போகணும்னா ஆபீஸ்ல லெட்டர் கேக்குறாங்க."

"எந்த டூரு?"

"திருகோணமலைக்கா. இலங்கை. படகுல கூட்டிட்டுப் போயி திமிங்கலம் காட்டுறாங்க. டார்கெட் முடிச்ச கடைக்கு ஒரு சீட்டு. சார் சொல்லலீங்களா?"

சார் சொல்லவில்லை.

"போன வருஷம் கோவா போனாரே, அதுக்கு?"

"அதுக்கும் இதே லெட்டர்தான்."

"அந்தமானுக்கு?"

தமிழழகன் தலையைச் சொறிந்தான்.

"அப்ப மூணு வருஷமா நான் சீக்காளி! எனக்கே தெரியாம!"

பூச்சிமருந்து விற்கப் படிப்பு வேண்டும் என்று சட்டம் வந்தபோது, வேதியியல் பட்டம் வைத்திருந்த அவள் பெயருக்கு லைசென்ஸை மாற்றிக்கொண்டு வந்தவன் ராஜதுரை. அன்றிலிருந்து மக்காச்சோளத்தில் படைப்புழு என்றாலும், சின்ன வெங்காயத்தில் திருகல் என்றாலும், இலையைக் கிள்ளிப் பார்த்து மருந்து சொல்வது அவள்தான். ராஜதுரை சலவை வேட்டியோடு வாசலில் நின்று வருபவர்களுக்கு வணக்கம் சொல்வான். ஊர் அவனைத்தான் முதலாளி என்றது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் கடல்?

அவள் பிறந்தது அரியலூர்ப் பக்கத்துச் செம்மண் காடு. உழவு ஓட்டினால் கல்லாகிப்போன கிளிஞ்சல் வரும் ஊர். இங்கே ஒரு காலத்தில் கடல் கிடந்தது என்று வாத்தியார் சொன்ன நாளிலிருந்து அவளுக்குப் படகில் ஏற ஆசை. கல்யாணமான புதிதில் ராஜதுரையிடம் சொல்லியும் இருக்கிறாள். அவனும் "போகலாம், போகலாம்" என்றான். போனான், தனியாக.

அன்று சாயங்காலம் அவன் தாம்பூலப் பையோடு கடைக்குள் நுழைந்ததும் தாளை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஒரு நாள் காய்ச்சல்னு நான் கடையைச் சாத்தியிருக்கேனாங்க?"

ராஜதுரை சிரித்து மழுப்பப் பார்த்தான். "வர்றவன் பூரா ஆம்பளைங்க ஜெயா. ஒத்தப் பொம்பள நீ அங்க போயி என்ன பண்ணுவ?"

"திமிங்கலத்தைப் பாப்பேன்."

"நாலு பேரு என்ன நெனப்பான்?"

"நாலு பேரும் நான் படுத்த படுக்கையாக் கெடக்குறேன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கான்!"

"சரி, கடையை யாரு பாக்குறது?"

"முதலாளி நீங்கதானே? பாருங்க."

அந்தத் தாளிலேயே இரண்டு வரிகளையும் அடித்துவிட்டு, 'என் உடல்நிலை நன்றாக இருக்கிறது. நானே வருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சிங்கப்பூரில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போவதற்காக எடுத்து, போகாமலே பீரோவில் கிடந்த பாஸ்போர்ட் இப்போது உதவியது.

வைகாசியில் ஒரு விடியற்காலை. திருகோணமலையில் படகு கிளம்பியது. பதின்மூன்று வியாபாரிகள், அவள் ஒருத்தி. உடையார்பாளையத்து உரக்கடைக்காரர் சிவசுப்பிரமணியன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் ராஜதுரை வூட்டம்மாவா? முதுகுத்தண்டு இப்பத் தேவலாமாம்மா?"

"என் முதுகுத்தண்டுக்கு என்னங்க?"

"ஆபரேஷன்னு சொன்னாரே! பாவம், மனுசன் அழுதுட்டாரு. அந்தமான்ல முருகன் கோயில்ல நாங்க எல்லாரும் நின்னு உங்க பேருக்கு அர்ச்சனை பண்ணோம்மா."

ஜெயலட்சுமிக்குக் காது மடல் சுட்டது. "என்ன நட்சத்திரம் சொன்னாரு?"

"திருவோணம்."

"அது அவரு நட்சத்திரம். எனக்குக் கேட்டை."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "அப்ப அர்ச்சனையும் அவருக்கேவா!" என்றார். பதின்மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பொய்யாக ஒரு நோயைக் கொடுத்தவன், அதற்கான வேண்டுதலையாவது அவளுக்கு விட்டுவைத்திருக்கலாம்.

வெயில் ஏற ஏற அலை பெரிதாயிற்று. உரக்கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குமட்டத் தொடங்கினார்கள். சிவசுப்பிரமணியன் பிளாஸ்டிக் பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பூச்சிமருந்து நெடியில் பதினோரு வருஷம் நின்றவளுக்குக் கடல்காற்று ஒன்றும் செய்யவில்லை. அவள் எழுந்து முன்பக்கம் போய் நின்றாள்.

"அங்க பாருங்கோ அக்கா, வலப்பக்கம்!" என்று படகோட்டி கத்தினார்.

தண்ணீர் கிழிந்து, தென்னை உயரத்துக்கு மூச்சுத் தூண் ஒன்று எழுந்தது. அதன் கீழே முதுகு. சாம்பலும் நீலமுமாக வந்துகொண்டே இருந்த முதுகு. முடிகிற மாதிரியே தெரியவில்லை.

கைப்பையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி வாங்கிக் கொடுத்த சிம். நம்பர் தெரிந்த ஒரே ஆள் ராஜதுரை. வீட்டில் விட்டு வந்த குழந்தைகளுக்கு ஏதாவதோ என்று பதறி எடுத்தாள்.

"ஜெயா! அய்யம்பெருமாள் வெங்காயத்தாளைக் கொண்டாந்து நிக்கிறாரு. இன்னும் ஆறு பேரு நிக்கிறாங்க. எந்த மருந்துன்னு தெரியல. நீ மருந்துப் பேரு எழுதுற நோட்டை எங்கடி வெச்ச? வரிசையாச் சொல்லு, எழுதிக்கிறேன்."

பின்னாலிருந்து அய்யம்பெருமாளின் குரல் கேட்டது: "முதலாளிக்குத் தெரியாதாப்பா?"

"வாலைத் தூக்கப் போகுது அக்கா!" என்றார் படகோட்டி.

ஜெயலட்சுமி போனை வாயருகே கொண்டுபோனாள். நிறுத்தி, நிதானமாகச் சொன்னாள்:

"உடல்நிலை காரணமாக என்னால பேச இயலாதுங்க."

போனை அணைத்துப் பைக்குள் எறிந்துவிட்டுத் திரும்பினாள். நல்லவேளை, வால் இன்னும் முழுகியிருக்கவில்லை.