கழுத்து நட்டு

எங்கள் வீட்டு ஷவர் சொட்டுகிறது என்று வெளியே தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும். பதினேழு வருஷமாகக் குழாய்க் கடைக் கவுன்டரில் நிற்கிறவள் நான். தேய்ந்த வாசரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யார் வந்து நின்றாலும், தொட்டுப் பார்க்காமலே அளவு சொல்லிவிடுவேன். "இந்தம்மா கை பட்டா எந்தக் குழாயும் வாயைத் திறக்காது" என்று முதலாளியே பிளம்பர்கள் முன்னால் சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக் குளியலறையில் டொக், டொக் என்று ஒரு சத்தம்.

முதல் தடவை நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுடையது பழைய மாதிரி ஷவர். சுவரில் ஒரு வட்டக் கைப்பிடி; அதைத் திருகத் திருக உள்ளே ஒரு தண்டு நகரும்; தண்டின் நுனியில் இருக்கும் ரப்பர் வாசர் போய் ஓட்டையை அடைத்தால் தண்ணீர் நிற்கும். வாசர் தேய்ந்தால் சொட்டும். அவ்வளவுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல்தொட்டி வால்வை மூடிவிட்டு, எல்லாவற்றையும் கழற்றிப் புது வாசர் போட்டு மாட்டினேன். இறுக்கி மூடினேன். ஒரு சொட்டு இல்லை.

"முடிஞ்சுதா?" என்றார் என் வீட்டுக்காரர், கூடத்தில் உட்கார்ந்தபடியே.

"நான் கை வெச்சு முடியாம இருக்குமா?"

திங்கட்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, டொக்.

மறுபடி கழற்றினேன். வாசர் போட்டபடியே புத்தம் புதிதாக இருந்தது. வாசரில் குற்றமில்லை என்றால் வேறு என்ன? கைப்பிடிக்கு அடியில், தண்டை நெருக்கிப் பிடித்திருக்கும் கழுத்து நட்டு ஒன்று உண்டு. அது தளர்ந்திருந்தால் கைப்பிடி லொடலொடவென்று ஆடி, தானாகவே பின்னுக்குத் திரும்பிவிடும். சரி என்று அதைக் கால் சுற்று முறுக்கினேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் சொட்டியது. இன்னொரு கால் சுற்று. நாலாவது தடவை ஸ்பேனரில் என் முழு பாரத்தையும் போட்டேன். அதற்கு மேலும் சொட்டியது. இனி அது குழாயின் குற்றமாக இருக்க முடியாது. ஆளின் குற்றம். இந்த வீட்டில் இருப்பது இரண்டே ஆள். நான் இல்லை.

அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

மின்விசிறி சும்மா ஓடினால் வீட்டையே ரெண்டாக்குகிற மனுஷன், "சொட்டினா சொட்டிட்டுப் போகுது, விட்டுத் தொலையேன்" என்கிறார். இது என்ன புதுப் பெருந்தன்மை? அவர் ஒரு பெரிய தையற்கூடத்தில் கட்டிங் மாஸ்டர். ஆளைப் பார்த்ததும் அளவு தெரிந்துவிடும் அவருக்கு. இருபத்தாறு வருஷமாகத் தன் கையால் வெட்டித் தைத்த சட்டையைத் தவிர வேறெதையும் போடாதவர், இப்போது நாலு டி-ஷர்ட் வாங்கி வைத்திருக்கிறார். தலை வழியாக மாட்டிக்கொண்டு போகிறார், காலேஜ் பையன் மாதிரி. நாடா கட்டுகிற ஷூ மூலைக்குப் போய்விட்டது. காலை நுழைத்தால் போதும் என்கிற செருப்பு வந்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஒரு மணி நேரம் தாமதம். கேட்டால், "ஆர்டர் ஜாஸ்தி." அந்த இரண்டு நாளும் அவர் மேல் கற்பூரமும் பூவும் கலந்த மாதிரி ஒரு வாசனை. துணியை வெட்டினால் அந்த வாசனை வராது.

என் வாய் சும்மா இருந்ததா? கடையில் பில் போடும் அக்காவிடம் உளறிவிட்டேன். ஷவரைப் பற்றிச் சொல்லவில்லை, அந்த அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுப் போகவில்லை. டி-ஷர்ட்டைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"ஐம்பத்திமூணு வயசுல டி-ஷர்ட்டா?" என்று அக்கா மூக்குக் கண்ணாடியை இறக்கினாள். "நானே சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை மாஸ்டரைப் பார்த்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடை இருக்குல்ல, அதுக்கு மேல மாடிப்படி ஏறிட்டிருந்தார். ஒரு பொண்ணு கதவைத் திறந்துச்சு. சிரிச்சுக்கிட்டே."

"சிரிச்சுக்கிட்டேயா?"

"பல்லு தெரிஞ்சுது."

அன்று முக்கால் அங்குலக் குழாய் கேட்டவருக்கு அரை அங்குலம் எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். இவர் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்பது மட்டுமே மண்டைக்குள் ஓடியது. பிள்ளை இல்லை, குட்டி இல்லை. அந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அவர் ஒருவர்தான். அதை அவரிடம் ஒருநாள் கூடச் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஆனால் அழுதுகொண்டு உட்காருகிற ரகம் இல்லை நான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். ஷவரை நன்றாக மூடிவிட்டு, நகப்பூச்சை எடுத்துக் கைப்பிடியின் விளிம்பிலிருந்து சுவர் ஓடு வரைக்கும் நேராக ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். முழுதாக மூடினால் கைப்பிடிக் கோடும் சுவர்க் கோடும் ஒன்றோடொன்று சேரும். நான் குளித்துவிட்டு மூடினேன், சேர்ந்தது. அவர் குளித்துவிட்டு வந்தார், போய்ப் பார்த்தேன். கைப்பிடிக் கோடு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. ஷவர் சொட்டிக்கொண்டிருந்தது. கைத்துண்டு ஒன்று கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கைப்பிடியில் தொங்கியது.

அப்படியானால் வேண்டுமென்றேதான் திறந்து விடுகிறார். எதற்கு? ஓடுகிற தண்ணீர்ச் சத்தத்தில் உள்ளே இருந்து போனில் யாரிடம் பேசுகிறார்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் குளிக்கப் போனதும், நான் சமையற்கட்டில் ஒரு பாத்திரத்தை உருட்டிச் சத்தம் காட்டிவிட்டு, பூனை மாதிரி வந்து குளியலறைக் கதவில் காதை வைத்தேன். ஷவர் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு மெலிந்து சொட்டத் தொடங்கியது. அப்புறம் அவர் குரல்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

மூச்சு வாங்கியது. கொஞ்சம் இடைவெளி.

"ஒண்ணு... ரெண்டு... சனியனே, திரும்பித் தொலை!"

பேச்சு மறுமுனைக்குப் போகிற மாதிரி இல்லை. கதவைத் தொட்டேன். நகர்ந்தது. தாழ்ப்பாள் போடவில்லை. வீட்டில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளிக்கிறவர் அவர். தள்ளித் திறந்தேன்.

இடுப்பில் ஈரத் துண்டோடு சுவரைப் பார்த்து நின்றிருந்தார். கைப்பிடியைக் கைத்துண்டால் சுற்றி, வலது கையால் பிடித்து, அதன் மேல் இடது கையையும் வைத்து, தோளோடு சேர்த்துத் திருகிக்கொண்டிருந்தார். விரல்கள் மூடவே இல்லை. அடுத்தவர் விரல்களைக் கொண்டுவந்து ஒட்டிய மாதிரி அவை வழுக்கி வழுக்கி விழுந்தன. என் சிவப்புக் கோடு ஒரு விரற்கடைக்கு அந்தப் பக்கம் நின்றது.

"கதவைச் சாத்து," என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளா?"

"நாலு மாசம். வலது கைப் பெருவிரல்ல ஆரம்பிச்சுது. இப்ப ரெண்டு கையும். மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருக்காம். கத்தரிக்கோல் பிடிச்சுப் பிடிச்சு." கைத்துண்டை உதறப் பார்த்தார், அதுவும் நழுவித் தரையில் விழுந்தது. "வாரத்துல ரெண்டு நாள் போய்க் கைக்குப் பயிற்சி எடுத்துக்கறேன். மருந்துக்கடை மாடியில. அங்க ஒரு பொண்ணு ஏதோ தைலம் போட்டு நீவி விடுது. விரலை மடக்கி, பத்து வரைக்கும் எண்ணச் சொல்லுது. மூணைத் தாண்ட மாட்டேங்குது."

டி-ஷர்ட்டுக்குப் பித்தான் இல்லை. செருப்புக்கு நாடா இல்லை. தாழ்ப்பாள் எப்போதுமே கொஞ்சம் இறுக்கம். எல்லாம் என் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. நான்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேறு எதையோ தேடியிருக்கிறேன். எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை.

"இதுக்கு நீங்க ஒரு பொம்பளையை வெச்சிருந்திருக்கலாம்! ரெண்டு அடி போட்டுட்டு ஆறியிருப்பேன். ஏன் சொல்லலை எங்கிட்ட?"

"எப்படிச் சொல்றது? நீ கை வெச்சா குழாய் நிக்கும்னு பேர் எடுத்தவ. எனக்கு ஒரு குழாயை மூட முடியலைன்னு எப்படிம்மா சொல்வேன்?" இப்போதுதான் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "தையற்கூடத்துலயும் யாருக்கும் தெரியாது. சாக்பீஸ்ல கோடு போடறதோட சரி. 'வெட்டிப் பழகுங்கடா'ன்னு மத்தவங்ககிட்ட தள்ளி விட்டுடறேன். தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வெட்ட முடியாத மாஸ்டர் எதுக்கு அவங்களுக்கு?"

கீழே கிடந்த கைத்துண்டை எடுத்துப் பிழிந்தேன்.

"ஆரம்பத்துல கிட்டத்தட்ட முழுசா மூடிடுவேன்," என்றார். "லேசாத்தான் சொட்டும். அப்புறம் நீ ஸ்பேனரைத் தூக்கறப்பல்லாம் அது இறுகிக்கிட்டே போச்சு. நேத்து அந்தக் கடைசித் திருப்பு திருப்பவே முடியலை. விட்டுத் தொலைன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

நாலு தடவை. நாலு தடவையும் நான்தான் முறுக்கினேன், கடைசித் தடவை முழு பாரத்தையும் போட்டு. அந்த மனுஷன் ஈர உடம்போடு நின்று அதனுடன் மல்லுக்கட்டியிருக்கிறார், நான் வெளியே நின்று அவருக்கு ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது இரண்டும் சுட்டது.

ஸ்பேனரை எடுத்து வந்து கழுத்து நட்டை ஒரு முழுச் சுற்றுத் தளர்த்தினேன். தண்டோரம் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. கசியட்டும் என்று விட்டேன்.

மறுநாள் கடையில், நீளக் கைப்பிடி வைத்த ஒரு செட்டை எடுத்தேன். கால் சுற்றில் மூடும். விரலே வேண்டாம், முழங்கையால் தட்டினால் போதும். ஆஸ்பத்திரிகளுக்குத்தான் வழக்கமாக அதை விற்போம். பில் போடும் அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருக்கு இது?"

"எங்க வீட்டுக்கு."

"உங்க வீட்டுலயேவா ஒழுகுது?"

கவுன்டரில் இரண்டு பிளம்பர்கள் நின்றிருந்தார்கள். முதலாளியும் இருந்தார்.

"ஆமா, ஒழுகுது," என்றேன். "ஒரு மாசமா. நான் பண்ணின ரிப்பேர்ல இன்னும் ஜாஸ்தியாச்சு. பில்லைப் போடுங்க."

அன்று சாயங்காலமே மாட்டினேன். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் குளிக்கப் போனார். நான் கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஓடியது. ஒரு தட்டுச் சத்தம். நின்றது. சொட்டே இல்லை. உள்ளே இருந்து அவர் இரண்டு தடவை திறந்து திறந்து மூடிப் பார்த்தார், எனக்குக் கேட்கட்டும் என்றே.

வெளியே வந்தபோது டி-ஷர்ட் போட்டிருக்கவில்லை. அவரே வெட்டித் தைத்த நீலச் சட்டை. முன்பக்கம் திறந்து கிடந்தது. என் முன்னால் வந்து நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "போட்டு விடு," என்றார்.

"ஆடாம நில்லுங்க," என்றேன். கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தேன். அடியில் ஒரு பித்தான் ஏற்கெனவே போட்டிருந்தது. துளை மாறிப் போட்டிருந்ததில், சட்டை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நின்றது. அதைக் கழற்றப் போனேன்.

"அதைத் தொடாத," என்றார். "அது நான் போட்டது. கால் மணி நேரம் ஆச்சு."

"கட்டிங் மாஸ்டர் கோணல் சட்டையோட போய் நின்னா, அங்க என்னன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்கட்டும்," என்றார். "கேட்டா சொல்லிடறேன்."